மில் கேட்டில் தீப்பெட்டி, பேங்க் வாசலில் துப்பாக்கி

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். சாயங்காலம் காபி குடிக்கும்போது நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். மூன்றாம் வகுப்பில் ஏழாம் வாய்ப்பாட்டுக்குப் பயந்து வேப்பமரத்துக்குப் பின்னால் ஒளிந்தவன். இப்போது அங்கே ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் புது வேலைக்குச் சேர்ந்திருக்கிறான்.

"டீச்சர், ஒரு சங்கதி கேக்கோணுங்க. புதுசா சேர்றவங்களுக்குன்னு ஒரு விதிமுறைப் புத்தகம் குடுத்தாங்க. அதுல ஆபீசுக்குள்ள துப்பாக்கி கொண்டு வரக் கூடாது, பூட்டுன கார்ல வெச்சுக்கலாம்னு போட்டிருக்குதுங்க. எனக்குச் சிரிப்பா இருந்துச்சு. நம்மூரு மில்லுலயும் பேங்க்குலயும் இப்படி ஏதாச்சும் விதி இருந்துச்சுங்களா?"

"யோசிச்சுச் சொல்றேன் கண்ணு" என்று வைத்துவிட்டேன். யோசித்துப் பார்த்தால் இந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டுக்குள்ளேயே இரண்டு பதில்கள் இருந்தன. என் அப்பா சிங்காநல்லூர்ப் பக்கம் பஞ்சாலைத் தொழிலாளி. என் சித்தப்பா துப்பாக்கி வைத்திருந்ததாலேயே வேலை கிடைத்தவர், அந்தத் துப்பாக்கியாலேயே வேலை போனவர்.

முதலில் டெக்சாஸ் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஆயுதம் வைத்திருப்பது 1791 முதல் அரசியல் சட்டத்திலேயே உள்ள உரிமை. அதனால் அங்கே சண்டை துப்பாக்கிக்காரனுக்கும் அரசாங்கத்துக்கும் மட்டும் நடப்பதில்லை, துப்பாக்கிக்காரனுக்கும் முதலாளிக்கும் நடக்கிறது. 2002இல் ஓக்லஹோமா மாநிலத்தில் வேலியன்ட் என்ற சிற்றூரில், வேயர்ஹவுசர் நிறுவனத்தின் காகித ஆலையில் வண்டி நிறுத்துமிடத்தைச் சோதனை போட்டார்கள். கார்களில் துப்பாக்கி வைத்திருந்த தொழிலாளர்களை வேலையை விட்டு நீக்கினார்கள். "வேட்டைக்குப் போகிற ஊர், காரில் துப்பாக்கி இல்லாமல் எப்படி?" என்று அவர்கள் கேட்டார்கள். விவகாரம் பெரிதாகி, பூட்டிய காருக்குள் துப்பாக்கி வைப்பதை முதலாளி தடுக்க முடியாது என்று 2004இல் அந்த மாநிலம் சட்டமே போட்டது. டெக்சாஸில் அதே மாதிரிச் சட்டம் 2011இல் வந்தது. கட்டடத்துக்குள் வேண்டாம் என்று முதலாளி சொல்லலாம், காருக்குள் வேண்டாம் என்று சொல்ல முடியாது. என் மாணவன் கையில் உள்ள புத்தகத்தின் கதை இதுதான்.

இனி நம்மூர்.

கோயம்புத்தூரில் 1888இல் ஸ்டேன்ஸ் மில் வந்தது. 1932இல் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு பீளமேடு, சிங்காநல்லூர், உப்பிலிபாளையம் என்று மில்கள் வரிசையாக எழும்பின. காலையில் சங்கு ஊதினால் ஊரே எழுந்துகொள்ளும். அப்பா தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு போவார். மில் கேட்டில் வாட்ச்மேன் நிற்பார். வெளியே வரும்போது மடியில் நூல்கண்டு இருக்கிறதா, பஞ்சு இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்கள். உள்ளே போகும்போது தேடியது துப்பாக்கியை அல்ல, தீப்பெட்டியை.

பஞ்சாலையில் வேலை செய்தவர்களுக்கு இதன் அர்த்தம் தெரியும். புளோ ரூமிலும் கார்டிங்கிலும் காற்றிலேயே பஞ்சு பறக்கும். ஒரு பீடி நெருப்பு போதும், மில்லே போய்விடும். அதனால் அப்பா தன் பீடிக்கட்டையும் தீப்பெட்டியையும் கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் வைத்துவிட்டுப் போவார். அந்தக் கடைக்காரர் ஒரு பலகையில் ஐம்பது அறுபது தீப்பெட்டிகளை வரிசையாக அடுக்கி வைத்திருப்பார். ஷிப்ட் முடிந்து வந்து அவரவர் தீப்பெட்டியை அவரவர் எடுத்துக்கொள்வார்கள். டெக்சாஸில் துப்பாக்கி காரில் இருக்கிறது, எங்கள் அப்பா காலத்தில் தீப்பெட்டி டீக்கடையில் இருந்தது.

"மில்லுக்குத் துப்பாக்கி கொண்டு வரக் கூடாது" என்று தனியாக எழுதி வைக்க வேண்டிய அவசியமே வரவில்லை. ஏன் வரவில்லை என்பதுதான் சரித்திரம்.

நம் கொங்கு நாட்டில் ஒரு காலத்தில் ஆயுதம் சாதாரண விஷயம். பாளையக்காரர்களிடம் படை இருந்தது, வேல், வாள், நாட்டுத் துப்பாக்கி எல்லாம் இருந்தன. 1800 ஜூன் மாதம் கோவைக் கோட்டையில் இருந்த கம்பெனிப் படையைத் தாக்கும் முயற்சி நடந்தது. அது தோற்றுப் பலர் தூக்கிலிடப்பட்டார்கள். தீரன் சின்னமலை காவிரிக்கரையிலும் ஓடாநிலையிலும் அறச்சலூரிலும் போரிட்டு, 1805இல் சங்ககிரியில் தூக்கிலேற்றப்பட்டார். தெற்கே மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட கையோடு, 1801 டிசம்பரில் சென்னை கவர்னர் கிளைவ் (வங்காளத்துக் கிளைவின் மகன்) பாளையக்காரர்களின் ஆயுதங்களைப் பறிக்கவும் கோட்டைகளை இடிக்கவும் அறிக்கை வெளியிட்டார். அப்போது ஆரம்பித்தது ஆயுதம் களையும் வேலை.

பிறகு 1857 எழுச்சி. அந்தப் பயம் வெள்ளைக்காரர்களை விடவே இல்லை. 1878இல் லிட்டன் பிரபு காலத்தில் இந்திய ஆயுதச் சட்டம் வந்தது. அதே ஆண்டில்தான் இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டும் சட்டமும் வந்தது. கையையும் வாயையும் ஒரே ஆண்டில் கட்டினார்கள் என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகளுக்கு மறக்காது. இந்த ஆயுதச் சட்டத்தில் வெள்ளைக்காரர்களுக்கு விலக்கு இருந்தது. நம்மவர் லைசென்ஸ் கேட்டு நிற்க வேண்டும். அந்த அவமானத்தினால்தான் 1931 கராச்சி காங்கிரஸ் மாநாட்டின் அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் சேர்க்கப்பட்டது.

ஆனால் சுதந்திரம் வந்த பிறகு நடந்தது வேறு. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அந்த உரிமையைச் சேர்க்கத் திருத்தம் கொண்டு வந்தார். அம்பேத்கர் ஏற்கவில்லை. பிரிவினைக் கலவரங்களின் ரத்தம் காயாத நேரம் அது. இன்று நம் அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவில் இருப்பது, ஆயுதம் இல்லாமல் அமைதியாகக் கூடும் உரிமை. பிறகு 1959இல் புதிய ஆயுதச் சட்டம் இயற்றி 1962இல் நடைமுறைக்குக் கொண்டு வந்தார்கள். வெள்ளையன், கறுப்பன் என்ற பேதம் போயிற்று. லைசென்ஸ் முறை நின்றது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிதான் வைத்திருக்கலாம், அதற்கு முன் மூன்று.

நம் பக்கத்து மலையான குடகில் மட்டும் கதை வேறு. குடகர்களுக்கு வெள்ளைக்காரன் காலத்தில் கொடுத்த விலக்கு இன்றும் தொடர்கிறது, 2029 வரை நீட்டித்திருக்கிறார்கள். அங்கே கைல்போத் பண்டிகையில் துப்பாக்கிக் குழலில் ஒரு பூவை வைத்துக் கும்பிடுவார்கள். அதற்குப் பெயரே தோக்குப் பூ, அதாவது துப்பாக்கிப் பூ. அது என்ன பூ தெரியுமா? நம் மூலனூர், தாராபுரம் பக்கம் தோட்டம் தோட்டமாக விளையும் கண்வலிக்கிழங்கின் பூ, நம் மாநில மலரான செங்காந்தள். அவர்களுக்குத் துப்பாக்கியில் செருகும் பூ, நமக்கு விதை எடுத்து மருந்துக் கம்பெனிக்கு விற்கும் வெள்ளாமை.

நமக்கு ஆயுத பூஜையிலும் அப்படித்தான். மில்லில் தறிக்கும் கதிருக்கும் ஸ்பேனருக்கும் சந்தனம் வைப்போம். பள்ளிக்கூடத்தில் நான் சாக்பீஸ் பெட்டிக்கும் அளவுகோலுக்கும் குங்குமம் வைத்திருக்கிறேன். நம் ஊரில் ஆயுதம் என்றால் வேலை செய்யும் கருவி என்றே பொருள் ஆகிவிட்டது. இதை நான் நல்லதாகவே நினைக்கிறேன். அந்நியன் பயத்தில் பறித்தான், அது அநியாயம். ஆனாலும் அதன் பலனாக என் அப்பா முப்பத்தாறு வருஷம் மில்லுக்குப் போய், பக்கத்து மிஷின்காரன் மடியில் என்ன இருக்கிறதோ என்று ஒரு நாள்கூடப் பயப்படாமல் வீட்டுக்கு வந்தார்.

ஆனால் வேலையிடத்தில் துப்பாக்கியே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். தொழிலாளி கையில் இல்லை, அவ்வளவுதான்.

1946ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஜனவரி 8ஆம் தேதி சின்னியம்பாளையம் மில் தொழிலாளர்கள் நான்கு பேர் கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். அதே ஆண்டில் ஸ்டேன்ஸ் மில் போராட்டத்தில் போலீஸ் சுட்டதில் பதினோரு பேர் செத்தார்கள். எங்கள் அப்பாவுக்கு அப்போது பதினைந்து வயது. "துப்பாக்கிச் சத்தம்னா அன்னிக்குத்தான் தெரியும், அதுக்கு முன்னாடி தீபாவளி வெடிதான்" என்பார். அதற்கு மேல் பேச மாட்டார்.

அதே 1946இல்தான் தொழில் நிலையாணைச் சட்டமும் வந்தது. நூறு பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் வேலை நேரம், லீவு, எது குற்றம், என்ன தண்டனை என்பதை எல்லாம் எழுத்தில் வைத்து, அதிகாரியிடம் சான்று பெற வேண்டியிருந்தது. தொழிலாளிக்குத் தெரியும் மொழியில் வாசலில் ஒட்ட வேண்டியிருந்தது. அதற்கு முன் முதலாளியும் மேஸ்திரியும் வாயால் சொன்னதுதான் சட்டம். இன்று சொன்னதை நாளை மாற்றிச் சொல்லலாம். எழுத்தில் வந்ததால், "இது குற்றம் என்று எங்கே எழுதியிருக்கிறது, காட்டு" என்று தொழிலாளி கேட்க முடிந்தது. ஆலைக்குள் கலகம் செய்வது, ஒழுங்கீனமாக நடப்பது எல்லாம் அதில் குற்றம். பல மில்கள் ஆயுதம் வைத்திருப்பதையும் தங்கள் பட்டியலில் சேர்த்துக்கொண்டன. எழுத்தில் இருப்பது, வாயால் சொல்வது என்ற இந்த வித்தியாசத்தை மனதில் வையுங்கள். என் சித்தப்பா கதைக்கு அது தேவைப்படும்.

அதற்கு முன் என் வேலையிடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. துப்பாக்கி லைசென்ஸில் அச்சிட்ட நிபந்தனைகள் உண்டு. திருவிழாவுக்கோ, சாமி ஊர்வலத்துக்கோ, பொதுக்கூட்டத்துக்கோ, கல்வி நிலைய வளாகத்துக்குள்ளோ தனி அனுமதி இல்லாமல் துப்பாக்கி கொண்டு போகக் கூடாது. ஆக, வேலையிடங்களில் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் லைசென்ஸ் தாளிலேயே பாதுகாப்பு இருக்கிறது.

ஆனால் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை தேர்தல் வந்தால் அதே பள்ளிக்கூடத்துக்குத் துப்பாக்கி வரும். மத்தியப் படைக்காரர்கள் வந்து தங்கி, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சு மேல் ரைபிள்களைச் சாய்த்து வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்களும் பாவம், ராஜஸ்தானிலிருந்து வந்த பையன்கள், தயிர்சாதம் கொடுத்தால் கையெடுத்துக் கும்பிடுவார்கள். 2006 சட்டமன்றத் தேர்தலில் நான் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக இருந்தேன். பயிற்சி வகுப்புக் கையேட்டைப் படித்தபோது ஒரு வேடிக்கை கண்ணில் பட்டது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 134பி பிரிவின்படி, வாக்குப்பதிவு நாளில் சாவடிப் பக்கம் யாரும் ஆயுதத்துடன் வரக் கூடாது. தேர்தல் நடத்தும் அலுவலர், வாக்குச்சாவடித் தலைமை அலுவலர், போலீஸ், காவல் பணியில் உள்ளவர்களுக்கு மட்டும் விலக்கு. அதாவது சட்டப்படி எனக்கு விலக்கு இருந்தது! என்னிடம் இருந்ததோ அரக்கும் மெழுகுவத்தியும் மையும்தான். வீட்டில் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். சித்தப்பா மட்டும் சிரிக்கவில்லை. "அது கைக்கு வந்தாத் தெரியும் கண்ணு" என்றார்.

இனி சித்தப்பா கதை.

சித்தப்பா மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் பதினேழு வருஷம் இருந்தார். வெலிங்டனில் பயிற்சி, 1965, 1971 இரண்டு போரையும் பார்த்தவர். ரிட்டையர் ஆகி வந்தபோது நாற்பதுகூட ஆகவில்லை. பென்ஷன் பத்தவில்லை. பேங்க்குகளை நாட்டுடைமை ஆக்கிய பிறகு ஊருக்கு ஊர் கிளைகள் திறந்த காலம் அது. பல்லடம் பக்கத்தில் ஒரு பேங்க் கிளையில் காவலுக்கு ஆள் கேட்டார்கள். பேங்க் பெயர் வேண்டாம். "சொந்தத் துப்பாக்கியும் லைசென்ஸும் இருந்தா வேலை" என்றார்கள்.

சித்தி தன் தோட்டையும் ஒரு வளையலையும் அடகு வைத்தார். பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று வந்தது. லைசென்ஸ் சித்தப்பா பெயரில், தற்காப்புக்காக என்று. இங்கே கவனியுங்கள். நிறுவனமே தன் பெயரில் லைசென்ஸ் எடுத்து, துப்பாக்கியை ஏந்தும் காவலர் பெயரை அதில் சேர்க்கும் முறை சட்டத்திலேயே உண்டு. அப்படிச் செய்தால் துப்பாக்கி நிறுவனத்துடையது, பொறுப்பும் நிறுவனத்துடையது. சொந்தத் துப்பாக்கிக்காரரை எடுத்தால் துப்பாக்கி வாங்கும் செலவு, தோட்டாச் செலவு, அந்தக் காலத்தில் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை கலெக்டர் ஆபீஸுக்கு நடந்த நடை எல்லாம் அவர் தலையில்.

தேர்தல் அறிவித்தால் இன்னொரு தொல்லை. லைசென்ஸ் துப்பாக்கிகளை போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். பேங்க் காவலுக்கு விலக்கு உண்டு என்பார்கள். ஆனால் இவர் லைசென்ஸில் பேங்க் பெயரே இல்லையே! ஒவ்வொரு தேர்தலுக்கும் துப்பாக்கி ஸ்டேஷனுக்குப் போகும். சித்தப்பா ஒரு மாதத்துக்கு மேல் தடியோடு நிற்பார், அந்த மாதச் சம்பளத்தில் பிடிப்பார்கள்.

இதை எல்லாம் அவர் பொறுத்துக்கொண்டார். காக்கி உடுப்பை அவரே கஞ்சி போட்டுத் தேய்ப்பார். பள்ளி விடுமுறையில் நான் அந்தப் பக்கம் போனால், பேங்க் வாசலில் அவரைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருக்கும்.

1994இல் ஒரு மாத முதல் தேதி, பென்ஷன் நாள். வயதானவர்கள் வாசல் வரைக்கும் நின்றார்கள். தோளில் இருந்த துப்பாக்கியின் பழைய தோல் வார் அறுந்துவிட்டது. துப்பாக்கி தரையில் விழுந்து ஒரு குழல் வெடித்தது. ரவை அத்தனையும் கவுன்டருக்குக் கீழே சுவரில் பாய்ந்தது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஒரு ஆத்தா மட்டும் காது அடைத்து, பயத்தில் உட்கார்ந்தவர் அரை மணி நேரம் எழவில்லை. அவர் நின்ற இடத்துக்கும் சுவரில் ரவை பாய்ந்த இடத்துக்கும் நான்கு அடிகூட இல்லை.

விசாரணை நடந்தது. முதல் கேள்வி, "துப்பாக்கியில் ஏன் தோட்டா போட்டு வைத்திருந்தாய்?" சித்தப்பா சொன்னார், "முந்தின மேனேஜர் ஐயா அப்படித்தான் வெச்சிருக்கச் சொன்னாருங்க." எழுத்தில் இருக்கிறதா? இல்லை. அந்த மேனேஜர் மாற்றலாகிப் போய்விட்டார், அப்படிச் சொன்னதாக நினைவு இல்லை என்று எழுதிக் கொடுத்தார். இரண்டாவது கேள்வி, "இந்த மாதிரித் துப்பாக்கியில் உனக்குப் பயிற்சி உண்டா?" பட்டாளத்தில் ரைபிளில் பயிற்சி உண்டு. வேலைக்கு எடுத்த பிறகு ஒருவரும் ஒரு நாள்கூடப் பயிற்சி தரவில்லை. "துப்பாக்கியைப் பரிசோதித்தது யார்?" யாரும் இல்லை.

இத்தனை கேள்விகளையும் வேலைக்கு எடுத்த அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டும். பதினான்கு வருஷம் கழித்து, வெடித்த பிறகு கேட்டார்கள். ஒரு வாரத்தில் வேலை போயிற்று. துப்பாக்கியை விற்ற பணத்தில் சித்தியின் தோடு மட்டும் திரும்பி வந்தது.

சித்தப்பாவுக்கு வேலை போனதுகூடப் பெரிதாகப் படவில்லை. "ரெண்டு சண்டையில எதிரி மேல சுட்டேன். கடைசியில பென்ஷன் வாங்க வந்த கெழவி மேல பாத்திருக்கும்" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தார். சாகும் வரைக்கும் அந்தப் பேங்க் வாசலை மிதிக்கவில்லை. பென்ஷன் வாங்கச் சித்திதான் கூடப் போய், உள்ளே போய்த் தாளைக் காட்டி, வாசலுக்குக் கொண்டு வந்து கையெழுத்து வாங்குவார்.

அவர் பக்கமும் தப்பு உண்டு. அறுந்துபோகும் நிலையில் இருந்த வாரை அவர் மாற்றியிருக்க வேண்டும். அவரே அதைச் சொன்னார். ஆனால் அவர் தப்புக்கு மட்டும் தண்டனை இருந்தது, மற்றவர்கள் தப்புக்கு ஒரு தாளும் சாட்சி இல்லை.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2005இல் தனியார் காவல் நிறுவனங்களுக்கான சட்டம் வந்தது. 2016 ஆயுத விதிகளில், புதிதாக லைசென்ஸ் கேட்பவர் துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சி பெற வேண்டும் என்று வைத்தார்கள். பொது இடத்தில் எப்படி உறையிட்டு எடுத்துப் போவது, வீட்டில் எப்படிப் பத்திரமாக வைப்பது என்பதும் எழுத்தில் வந்துவிட்டது. சித்தப்பா காலத்தில் இது இருந்திருந்தால் என்று நினைத்துக்கொள்வேன்.

டெக்சாஸ் தம்பிக்கு என் பதில் இதுதான். நம் ஊரில் தொழிலாளி வேலைக்குத் துப்பாக்கி கொண்டு வரக் கூடாது என்ற விதியை யாரும் தனியாக எழுதத் தேவைப்படவில்லை. இருநூறு வருஷச் சரித்திரம் அதை எழுதிவிட்டது. எழுத வேண்டியிருந்தது இன்னொரு விதி. சம்பளத்துக்காகத் துப்பாக்கியை ஏந்தி வா என்று நாம் சொல்கிறோமே, அந்த மனிதருக்கான விதி. அதை எழுதாமல் விட்டோம். நீ அந்தப் புத்தகத்தைப் பார்த்துச் சிரிக்காதே கண்ணு. எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் அல்லவா, அது பெரிய விஷயம். முழுக்கப் படித்துப் பத்திரமாக வை.

என் மாணவர்களில் திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருப்பவர்கள், நகைக்கடை, நிதி நிறுவனம் நடத்துபவர்கள் சிலர் இதைப் படிப்பீர்கள். உங்கள் வாசலில் கன்மேன் நின்றால், நாளைக்குக் காலையில் அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேளுங்கள். லைசென்ஸ் யார் பெயரில்? கடைசியாகப் பயிற்சி எப்போது? தோட்டா உள்ளே இருக்க வேண்டுமா, வெளியே இருக்க வேண்டுமா என்று அவருக்குச் சொன்னது யார்? இரவில் துப்பாக்கி எங்கே பூட்டப்படுகிறது? வார் நன்றாக இருக்கிறதா? பதில்களை ஒரு தாளில் எழுதி, நீங்கள் கையெழுத்துப் போட்டு, ஒரு நகலை அவர் கையில் கொடுங்கள். அரை மணி நேர வேலை.

சொந்தத்தில் யாராவது மில் கேட் நினைவுகள், எஸ்டேட் காவல், பேங்க் காவல் என்று அனுபவம் வைத்திருந்தால் எழுதுங்கள். அப்பாவின் தீப்பெட்டிப் பலகை இருந்த டீக்கடை இப்போது செல்போன் கடை. அந்தப் பலகையை நேரில் பார்த்தவர்கள் இன்னும் இருந்தால் சொல்லுங்கள், சந்தோஷப்படுவேன்.

எல்லாரும் நல்லா இருங்க.

அன்புடன்,
உங்கள் டீச்சர்